பழைய பிரெஞ்சு வெள்ளித் திருக்கலங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரான்சில் செய்த பழைய வெள்ளிக் கிண்ணமோ கதிர்ப்பாத்திரமோ கைக்கு வந்ததும் பலரும் முதலில் தராசைத் தேடுகிறார்கள். தராசு கடைசியில் வரட்டும். முதலில் பாதத்தில் இருக்கும் உருவங்களைப் பாருங்கள், அப்புறம் முத்திரைகளைப் பாருங்கள். அந்த இரண்டையும் எப்படிப் பார்ப்பது என்பதற்குத்தான் இந்தப் பக்கத்தில் அதிக இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

திருக்கலங்கள் என்றால் எவையெல்லாம்?

கத்தோலிக்கரின் திருப்பலியில், அதாவது பூசையில், திராட்சை இரசம் ஊற்றும் கிண்ணம், அதோடு சேர்ந்த அப்பத்தட்டு, மக்களுக்குக் கொடுக்கும் அப்பங்களை வைக்கும் மூடியுள்ள நற்கருணைப் பாத்திரம், நற்கருணையை (அர்ச்சித்த அப்பத்தை) ஆராதனைக்கு வைக்கும், கதிர்கள் சூழ்ந்த கதிர்ப்பாத்திரம் ஆகியவை முக்கியமானவை. நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுபோகும் சிறு சிமிழ், இரசத்துக்கும் தண்ணீருக்குமான குப்பிகள், புனித எண்ணெய்க் குப்பிகள், தூபக்கலசம் எல்லாம் அடுத்த வரிசை. கீழே கிண்ணத்தைப் பற்றித்தான் அதிகம் வரும். கிண்ணம் புரிந்துவிட்டால் மற்றவற்றைப் படிப்பது சுலபம்.

கண்ணில் படுவதெல்லாம் 19ஆம் நூற்றாண்டுப் பொருளாகவே இருக்கிறதே, ஏன்?

அதற்கு முந்தியவற்றில் பெரும்பகுதியை உருக்கிவிட்டார்கள். 1689இல் பதினான்காம் லூயி மன்னர் போர்ச் செலவுக்காகத் தம் அரண்மனையின் வெள்ளி மேசைகளையே நாணயச் சாலைக்கு அனுப்பினார். 1709இலும் 1759இலும் மறுபடி அதே கதை. பெரிய அடி பிரெஞ்சுப் புரட்சியில் விழுந்தது. 1789 நவம்பர் 2 அன்று திருச்சபைச் சொத்துகள் நாட்டுடைமை ஆயின. அடுத்த சில ஆண்டுகளில் ஊர் ஊராகக் கோயில் வெள்ளி சேகரிக்கப்பட்டு உலைக்குப் போனது. எண்ணூறு ஆண்டு வேலைப்பாடு அங்கே காசாக மாறியது என்பதை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

தப்பியவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. பாரிஸுக்கு அருகே சேன்-தெனி மடத்தின் தலைவராக இருந்த சூஜேர், 12ஆம் நூற்றாண்டில் ஒரு பழங்காலச் சார்டோனிக்ஸ் கல் கிண்ணத்துக்குத் தங்க முலாமிட்ட வெள்ளியால் விளிம்பும் கைப்பிடிகளும் பாதமும் செய்வித்தார். பாதத்தில் கிரேக்க ஆல்பா, ஒமேகா எழுத்துகளுக்கு நடுவே கிறிஸ்துவின் உருவம் இருக்கிறது. புரட்சிக் காலத்தில் அது தேசியச் சேகரிப்புக்குப் போனதால் பிழைத்தது. 1804இல் அங்கிருந்து திருடுபோய், பல கைகள் மாறி, இப்போது வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது.

1801இல் நெப்போலியனுக்கும் பாப்பரசருக்கும் இடையே உடன்படிக்கை ஆனது. கோயில்கள் மீண்டும் திறந்தன, பூசை வைக்கக் கிண்ணம் இல்லை. பிரான்ஸ் முழுக்க ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான பங்குகளுக்கு, அதாவது ஊர்க்கோயில்களுக்கு, பாத்திரம் தேவைப்பட்டது. பாரிஸிலும் லியோனிலும் கோயில் வெள்ளிக்கென்றே பெரிய பட்டறைகள் எழுந்தது இப்படித்தான்.

வெள்ளிதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ் ஒன்று போதும். கிண்ணத்தின் வெளிவிளிம்பு, பாதத்தின் ஓரம், அப்பத்தட்டின் ஓரம் ஆகிய இடங்களில் தேடுங்கள். இரண்டு முத்திரைகள் வேண்டும்.

ஒன்று அரசாங்க முத்திரை. 1838 மே 10க்குப் பிறகு செய்தவற்றில் தலைக்கவசம் அணிந்த மினர்வா தேவதையின் தலை இருக்கும். நெற்றிக்கு முன்னால் 1 என்ற எண் இருந்தால் ஆயிரத்துக்கு 950 பங்கு வெள்ளி, அதாவது 95 சதவீதம். நம் கடைகளில் உயர்ந்ததாகச் சொல்லும் 92.5ஐ விடவும் கூடுதல். எண் 2 என்றால் 800 பங்கு. 1819 முதல் 1838 வரை முதியவர் ஒருவரின் தலை, அதற்கு முன் 1798 முதல் சேவல். புரட்சிக்கு முந்திய பொருள் என்றால் கதையே வேறு. தட்டாரின் முத்திரை, வரி வசூலிப்பவரின் முத்திரைகள், தட்டார் சங்கத்தின் எழுத்து என நான்கு வரை இருக்கும். பாரிஸில் சங்கத்தின் எழுத்து ஆண்டுதோறும் மாறியதால் செய்த ஆண்டையே கண்டுபிடிக்கலாம்.

இரண்டாவது செய்தவரின் முத்திரை. 1797இன் சட்டப்படி அது சாய்சதுரக் கட்டத்துக்குள் இருக்க வேண்டும். உள்ளே பெயரின் முதலெழுத்துகளும் ஒரு சிறு சின்னமும் இருக்கும். கட்டம் நேர்ச் சதுரமாக இருந்தால் கவனம், அது வெள்ளி முலாம் பூசிய பொருளுக்கான அடையாளம்.

அன்னப்பறவை முத்திரை இருந்தால் ஏமாற்றிவிட்டார்கள் என்று பயப்பட வேண்டாம். எங்கே செய்தது என்று தெரியாத பொருள் ஏலத்தில் விற்கப்படும்போது 1893 முதல் அதை அடித்தார்கள். வெள்ளி என்பதற்கு அது சாட்சி, பிரெஞ்சு வேலை என்பதற்குச் சாட்சி ஆகாது.

காந்தம் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை, பித்தளையையும் அது இழுக்காது. அமிலச் சோதனை வேண்டவே வேண்டாம், முலாமில் வடு விழும். நகைக்கடையில் உலோகக் கலவையை அளக்கும் எக்ஸ்ஆர்எஃப் கருவி மேற்பரப்பையே படிக்கிறது. முலாம் கனமாக இருந்தால் அது காட்டும் எண்ணை நம்ப முடியாது.

கிண்ணத்தில் மினர்வா இருக்கிறது, பாதத்தில் இல்லை. போலியா?

பெரும்பாலும் இல்லை. இரசம் படும் பகுதி பொன்னாகவோ வெள்ளியாகவோ, வறிய கோயிலுக்கு வெள்ளீயமாகவோ இருக்க வேண்டும், வெண்கலமோ கண்ணாடியோ கூடாது என்பது பழைய திருப்பலிப் புத்தகத்தின் விதி. பாதத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பணம் குறைந்த பங்குகள் கிண்ணத்தையும் அப்பத்தட்டையும் வெள்ளியில் வாங்கி, தண்டையும் பாதத்தையும் முலாமிட்ட பித்தளையில் வாங்கின. கதிர்ப்பாத்திரத்திலும் இப்படித்தான், கதிர்கள் வெள்ளி, பாதம் பித்தளை என்ற சேர்க்கை சாதாரணம்.

எல்லாப் பகுதிகளும் நடுவில் ஒரு திருகாணியில் கோத்தவை. பாதத்துக்கு அடியில் உள்ள மரையைக் கழற்றினால் கிண்ணம், குமிழ், தண்டு, பாதம் தனித்தனியே வந்துவிடும். இதனால் ஒரு கிண்ணத்தின் மேல்பகுதியை வேறொன்றின் பாதத்தோடு பொருத்தியவையும் உலவுகின்றன. ஒவ்வொரு துண்டிலும் முத்திரை பார்க்கச் சொல்வது அதனால்தான். செய்தவரின் எழுத்துகள் மேலும் கீழும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒப்பிடுங்கள். மரை இறுகியிருந்தால் இடுக்கி போட்டு முறுக்காதீர்கள்.

உள்பக்கம் மட்டும் ஏன் தங்க முலாம்?

இரசத்தின் புளிப்பு வெள்ளியைக் கறுக்கவைக்கும், அரிக்கும். தங்கம் அசையாது. கிண்ணத்தின் உட்புறமும் அப்பத்தட்டின் மேற்புறமும் முலாமிட்டிருக்க வேண்டும் என்பது விதியாகவே இருந்தது. முழுவதும் தங்க முலாமிட்ட வெள்ளியைப் பிரெஞ்சுக்காரர்கள் வெர்மெய் என்பார்கள்.

1840கள் வரை தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்துப் பூசி, சூட்டில் பாதரசத்தைப் போக்கினார்கள். அந்தப் புகை தட்டார்களின் உயிரையே குடித்தது. மின்முலாம் வந்த பிறகு ஆபத்து குறைந்தது, முலாமும் மெலிந்தது. பழைய முலாமில் ஆழமான, சற்றே சிவந்த மஞ்சள் நிறம் தெரியும். நாலைந்து பொருள்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் கண் பழகிவிடும்.

பாதத்தைச் சுற்றி உள்ள உருவங்கள் எதைச் சொல்கின்றன?

இந்தப் பக்கத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான்.

முதலில் சிலுவையைக் கண்டுபிடியுங்கள். பாதத்தில் ஒரு பக்கம் சிலுவையோ சிலுவையில் அறையுண்ட காட்சியோ நிச்சயம் இருக்கும். குரு கிண்ணத்தைப் பீடத்தில் வைக்கும்போது அந்தப் பக்கம் தம்மை நோக்கியிருக்கும்படி வைப்பார். எந்தப் பக்கம் பருகினாரோ அதே பக்கம் மறுபடி பருகவும் துடைக்கவும் அது அடையாளம். அந்தக் காலத்தில் குரு மக்களுக்கு முதுகு காட்டி, பீடத்தை நோக்கி நின்று பூசை வைத்தார். ஆகவே பாதத்தில் உள்ள நுணுக்கம் முழுவதும் ஒரே ஒருவரின் கண்ணுக்காகச் செய்தது. மக்களுக்குத் தெரிந்தது குரு கிண்ணத்தைத் தூக்கிக் காட்டும் அந்தச் சில நொடிகளில் வரும் பளபளப்பு மட்டுமே. தட்டார் இதை நன்றாக அறிந்திருந்தார். அரையடி தூரத்தில் குனிந்து நிற்கும் ஒருவருக்காகவே முகங்களைச் செதுக்கினார்.

சிலுவையிலிருந்து தொடங்கிப் பாதத்தைச் சுற்றிவாருங்கள். 19ஆம் நூற்றாண்டுக் கிண்ணங்களில் அடிக்கடி வரும் வரிசைகளில் ஒன்று சிலுவைக் காட்சி, மரியா, சூசையப்பர். இன்னொன்று இயேசுவின் பிறப்பு, இறுதி இராவுணவு, உயிர்ப்பு. வேறு சிலவற்றில் விசுவாசம், நம்பிக்கை, அன்பு ஆகிய மூன்று புண்ணியங்கள் பெண் உருவில் இருக்கும். சிலுவை ஏந்தியவள் விசுவாசம், நங்கூரத்தில் சாய்ந்தவள் நம்பிக்கை, குழந்தைகளை அணைத்தவள் அன்பு. நற்செய்தியாளர் நால்வரும் ஆள், சிங்கம், காளை, கழுகு என்ற உருவங்களில் வருவார்கள்.

பழைய ஏற்பாட்டுக் காட்சிகள் வந்தால் செய்வித்தவர் படித்தவர் என்று எடுத்துக்கொள்ளலாம். அப்பமும் இரசமும் ஒப்புக்கொடுக்கும் மெல்கிசெதேக், மகனைப் பலியிடத் துணிந்த ஆபிரகாம், பாலைவனத்தில் மன்னா, கானானிலிருந்து கழியில் பெரிய திராட்சைக் குலையைச் சுமந்துவரும் இருவர் என்று எல்லாமே திருப்பலிக்கு முன்னடையாளங்களாகத் திருச்சபை கண்டவை. இந்த நான்கும் ஒரே பாதத்தில் இருந்தால் அது ஒரு மறையுரைக்குச் சமம்.

கோதுமையும் திராட்சையும் புரிகிறது. நாணல் எதற்கு? பறவை ஒன்று தன் மார்பைக் கொத்துகிறதே?

கோதுமை அப்பத்துக்கு, திராட்சை இரசத்துக்கு. நாணல் இயேசுவின் பாடுகளுக்கு, அதாவது அவர் பட்ட துன்பங்களுக்கு. இயேசுவுக்கு முள்முடி சூட்டியபோது கேலியாகச் செங்கோலுக்குப் பதில் கையில் கொடுத்த கோல் அது. மூன்றையும் பின்னிப் பாதத்தின் ஓரம் முழுக்க ஓடவிட்ட கிண்ணங்கள் ஏராளம்.

பறவை பெலிக்கன். தன் மார்பைக் கிழித்துக் குருதியால் குஞ்சுகளைப் பிழைக்கவைக்கிறது என்ற பழைய நம்பிக்கையால் அது கிறிஸ்துவுக்கு அடையாளம் ஆனது. ஏழு முத்திரையிட்ட புத்தகத்தின் மேல் படுத்திருக்கும் செம்மறி திருவெளிப்பாட்டிலிருந்து வருகிறது. கதிர்ப்பாத்திரத்தின் பாதத்தில் அதைத்தான் அதிகம் காணலாம்.

ஏணி, ஈட்டி, கடற்பஞ்சு, மூன்று ஆணிகள், பகடைக்காய்கள், சேவல் ஆகியவை பாடுகளின் கருவிகள். சேவல் பேதுரு மறுதலித்ததை நினைவூட்ட, பகடை படைவீரர் ஆடைக்குச் சீட்டுப் போட்டதை நினைவூட்ட. குப்பிகளில் திராட்சைக் கொடி உள்ளது இரசத்துக்கு, நாணலோ சிப்பியோ உள்ளது தண்ணீருக்கு.

உருவங்களை வைத்துக் காலத்தைக் கணிக்க முடியுமா?

ஓரளவு முடியும். பிரான்சின் லூர்து ஊரில் குகையில் மரியா தோன்றிய கெபிக் காட்சி இருந்தால் 1858க்குப் பிந்தியது. ஒளிவட்டத்தோடு ஜான் ஆஃப் ஆர்க் இருந்தால் அவருக்கு அருளாளர் பட்டம் கிடைத்த 1909க்குப் பிந்தியதாகத்தான் இருக்கும். இயேசுவின் திரு இருதயம் 18ஆம் நூற்றாண்டிலும் வரும். ஆனால் 1856இல் அந்தத் திருவிழா உலகத் திருச்சபை முழுவதற்கும் விரிந்தது, 1875இல் பாரிஸின் மோன்மார்த்தர் குன்றில் திரு இருதயப் பேராலயத்துக்கு அடிக்கல் விழுந்தது. அந்தக் காலகட்டத்தில் அது வெள்ளம்போல் பெருகியது. பாணியை மட்டும் நம்பினால் தவறு நேரும். 1880இல் செய்த கிண்ணம் 13ஆம் நூற்றாண்டு வேடத்தில் இருக்கும்.

அப்படி ஏன் இடைக்கால வேடம் போட்டார்கள்?

புரட்சி அறுத்த இழையை மறுபடி கோக்க வேண்டும் என்ற ஏக்கம். திட்ரோன் என்ற தொல்லியல் அறிஞர் 1844இல் தொடங்கிய இதழ் இடைக்காலப் பொருள்களின் வரைபடங்களை வெளியிட்டது. தட்டார்கள் அவற்றைப் பார்த்துச் செய்தார்கள். உயரமான, துலிப் பூ வடிவக் கிண்ணத்துக்குப் பதில் அகன்ற, தாழ்ந்த கிண்ணம் வந்தது. வட்டப் பாதத்துக்குப் பதில் ஆறிதழ்ப் பாதம். எனாமல், சரிகைபோல் கம்பி வேலை, கல் பதிப்பு எல்லாம் திரும்பின.

இந்த அலையில் இரண்டு பெயர்களை மறக்கக் கூடாது. பாரிஸில் பிளசீட் பூசியேல்க்-ருசான். கட்டடக் கலைஞர் வியோலே-லெ-தூக் வரைந்து கொடுக்க, நோத்ர தாம் பேராலயத்தில் இயேசுவினுடையதாகப் போற்றப்படும் முள்முடிக்கான திருப்பண்டப் பேழையை 1862இல் செய்தவர் இவர்தான். லியோனில் தோமா-ஜோசேப் அர்மான்-கல்யா. ஃபூர்வியேர் பேராலயத்தின் கட்டடக் கலைஞர் பியேர் போசானோடு சேர்ந்து வேலை செய்தவர். என் கண்ணுக்கு லியோன் பட்டறையின் எனாமல்தான் உயர்ந்தது. பாரிஸ் வேலை பழைய மாதிரியைப் பிசகாமல் பின்பற்றுகிறது, லியோன் வேலையில் புதிய கற்பனை இருக்கிறது.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். கோதிக் என்னும் இடைக்காலப் பாணியில் செய்த சில கிண்ணங்களில் தண்டின் நடுக் குமிழில் கூர்மையான கோபுரங்களும் கற்களும் துருத்திக்கொண்டிருக்கும். பழைய முறைப்படி குரு எழுந்தேற்றத்துக்குப் பிறகு (அப்பத்தையும் இரசத்தையும் அர்ச்சித்த பிறகு) கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் பிரிக்கக் கூடாது. மற்ற விரல்களால்தான் குமிழைப் பிடிக்க வேண்டும். முள்போன்ற குமிழ் அதற்கு இடைஞ்சல். நல்ல பட்டறை குமிழை உருட்டி, அலங்காரத்தை அடக்கி வைத்தது.

கிண்ணத்தைச் சுற்றி வலைபோல் இன்னொரு வெள்ளி உறை இருக்கிறது. எதற்கு?

பருகும் கிண்ணம் வழவழப்பாக இருக்க வேண்டும், நகாசு வேலை செய்தால் இரசத் துளி தங்கும், துடைக்க முடியாது. ஆகவே அலங்காரத்தை ஒரு தனி உறையில் செய்து, கிண்ணத்தை அதற்குள் இறக்கினார்கள். வானதூதர் தலைகளும் பதக்கங்களும் அதில்தான் இருக்கும். அப்பத்தட்டிலும் இதே யோசனைதான். மேற்புறம் மொட்டையாக இருக்கும், செம்மறியோ இயேசுவின் பெயரைக் குறிக்கும் ஐ.எச்.எஸ். எழுத்துகளோ அடிப்புறத்தில் செதுக்கியிருக்கும்.

பாதத்துக்கு அடியில் பெயரும் தேதியும் இருக்கின்றன. யாருடையது?

பெரும்பாலும் குருப்பட்டத் தேதி. பெற்றோரோ உறவினரோ ஊராரோ புதுக்குருவுக்குக் கிண்ணம் செய்து கொடுப்பது பிரான்சில் வழக்கம். சிலவற்றில் தாயின் மோதிரக் கற்களையோ குடும்ப நகைகளையோ பாதத்தில் பதித்திருப்பார்கள். பட்டறை போட்ட கற்களிலிருந்து இவற்றைப் பிரித்தறியலாம், அளவும் நிறமும் ஒன்றுக்கொன்று ஒத்துவராது. இந்த எழுத்துகளை ஒருபோதும் தேய்த்து அழிக்காதீர்கள், அழிக்கவும் விடாதீர்கள்.

வாங்குவதில் சட்டச் சிக்கல் உண்டா?

உண்டு. 1905 டிசம்பர் 9இல் பிரான்சில் அரசும் திருச்சபையும் பிரிந்தன. அதற்கு முன் பங்குக் கோயில்களில் இருந்த பொருள்கள் பொதுவாக ஊராட்சிகளின் உடைமை, பேராலயங்களில் இருந்தவை அரசின் உடைமை. ஆகவே அவற்றை யாரும் விற்க முடியாது. விற்பனைக்கு வந்தால் திருட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். பாதத்தில் ஒரு ஊர்க்கோயிலின் பெயர் செதுக்கியிருந்தால் ஒதுங்கிவிடுங்கள். பிரெஞ்சுப் பண்பாட்டு அமைச்சகத்தின் பலிசி என்ற இணையப் பட்டியலில் பதிவுபெற்ற பொருள்களைத் தேடலாம். குருக்களின் சொந்தக் கிண்ணங்கள் நேர்மையாகக் கைமாறக்கூடியவை. மேலே சொன்ன குருப்பட்டத் தேதி இங்கேயும் உதவும்.

வீட்டு அலமாரியில் வைக்கலாமா?

தனியார் வைத்திருக்கத் திருச்சபைச் சட்டம் தடை சொல்லவில்லை. ஆனால் அர்ச்சித்த பொருளை வேறு காரியத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. அதில் குடிப்பது, பூ வைப்பது, பழம் வைப்பது எதுவும் வேண்டாம். கத்தோலிக்கர் அல்லாதவருக்கும் இதையே சொல்வேன். மறுபடி திருப்பலிக்குக் கொடுக்க விரும்பினால் பங்குக் குருவிடம் கொடுங்கள், ஆசீர் தேவையா என்பதை அவர் பார்த்துக்கொள்வார்.

எப்படிச் சுத்தம் செய்வது?

விபூதி, புளி, பற்பசை, சபீனா எதுவும் கூடாது. வீட்டுக் குத்துவிளக்குக்குச் சரியாக இருக்கலாம், ஆனால் இவை எல்லாமே சுரண்டும் தன்மை கொண்டவையோ புளிப்பானவையோதான். முலாம் நாலு தடவையில் போய்விடும். வெள்ளியை முக்கி எடுக்கும் திரவங்களும் ஆகாது. திருகாணி வழியாக உள்ளே புகுந்து தங்கிவிடும், எனாமலையும் கெடுக்கும்.

வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு மென்மையான சோப்பு, பருத்தித் துணி, உடனே உலரத் துடைப்பது, அவ்வளவுதான். எனாமலும் கல்லும் உள்ள பாதத்தைத் தண்ணீரில் முக்காமல் ஈரத் துணியால் மட்டும் ஒற்றியெடுங்கள். பள்ளங்களில் உள்ள கருமையை விட்டுவிடுங்கள், அதனால்தான் முகங்கள் எடுப்பாகத் தெரிகின்றன. அமிலமில்லாத காகிதத்தில் சுற்றி வையுங்கள். ரப்பர் பட்டை அருகில்கூட வரக் கூடாது, அதில் உள்ள கந்தகம் வெள்ளியில் கறுப்புக் கோடு போடும்.

உட்புற முலாம் தேய்ந்திருந்து, கிண்ணம் திருப்பலிக்குப் பயன்படுவதாக இருந்தால் அந்தப் பகுதிக்கு மட்டும் மறுமுலாம் போடலாம். பளபளப்புக்காக முழுக் கிண்ணத்தையும் முலாம் தொட்டியில் இறக்குவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நம் ஊர்க் கோயில்களில் இவை இருக்குமா?

இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. 1776 முதல் புதுச்சேரியில் பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சபைக் குருக்கள் பணியாற்றினார்கள். 1830களின் இறுதியில் பிரெஞ்சு சேசு சபையினர் மதுரை மிஷனுக்கு வந்தார்கள். யாழ்ப்பாணத்துக்கு வந்த அமலமரித் தியாகிகள் சபை பிரான்சின் ஏக்ஸ் நகரில் பிறந்தது, அச்சபையார் 1847இல் இலங்கையில் இறங்கினார்கள். குருக்கள் தங்கள் சொந்தக் கிண்ணத்தோடு பயணம் செய்வது வழக்கம்.

உங்கள் பங்கின் திருப்பண்ட அறையில் அப்படி ஒன்று இருந்தால், பழையதைக் கொடுத்துப் புதிது வாங்கும் முன் இவற்றையாவது செய்யுங்கள். முழு உருவம், பாதத்தின் ஒவ்வொரு பக்கம், அடிப்புற எழுத்து, ஒவ்வொரு முத்திரை ஆகியவற்றைப் பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். உயரம், விட்டம், எடை மூன்றையும் பங்குப் பதிவேட்டில் எழுதுங்கள். யார் கொடுத்தது என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்வதையும் அதே பக்கத்தில் சேர்த்து, ஒரு பிரதியை மறைமாவட்ட ஆயரகத்துக்கு அனுப்புங்கள். எடைக்குப் போடக் கேட்கும் கடைக்காரரிடம் அதன் பிறகு பேசிக்கொள்ளலாம்.